விசாரிக்காமல் வெட்டின ராஜா
(மட்டக்களப்புக் கண்ணகி வழக்குரையை வைத்து ஒரு பாடம்)



பொழுதுபட்டு லயத்தில் விளக்கு வைத்த பிறகு பிள்ளைகள் கதை கேட்கிறார்கள். எந்தக் கதையை எடுத்தாலும் ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா’ என்றுதான் தொடங்குகிறோம். ராஜாவுக்குக் கோபம் வந்தால், ‘இவன் தலையைச் சீவுங்கள்’ என்று ஒரு வார்த்தை. தலை போய்விடும். யாருடைய தலை என்று பார்த்தால் ஒரு விறகுவெட்டி, ஒரு சமையற்காரன், இல்லாவிட்டால் அரண்மனைத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற ஒரு கிழவன். பிள்ளை ‘ம்’ கொட்டிக்கொண்டே தூங்கிப் போகும். தலை போனவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்ததா, மறுநாள் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று கதையும் சொல்லாது, நாமும் கேட்கிறதில்லை. இப்போது டீவியிலும் போனிலும் பிள்ளைகள் பார்க்கிற மந்திரக் கதைகளிலும் இதேதான். பறக்கிற குதிரை வரும், பேசுகிற வாள் வரும், ஆனால் ராஜாவைக் கேள்வி கேட்கிற ஆள் மட்டும் வரமாட்டார்.

வராத கதைதான் அதிகம். வந்த கதை ஒன்று இருக்கிறது. அதை இந்த முறை பாடமாக எடுத்துக் கொள்கிறோம்.

மட்டக்களப்பு வாவியை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லடிப் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். கடலை ஒட்டினாற் போல சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது அந்த வாவி. சூரியன் எழுகிற பக்கத்துக் கரையை எழுவான்கரை என்பார்கள். விழுகிற பக்கம் படுவான்கரை. படுவான்கரை முழுக்க வயல். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் குடியேறின நம்ம சனமும் இருக்கிறது. பெரிய வயல்களுக்குச் சொந்தக்காரரைப் போடியார் என்று சொல்லுவார்கள். இங்கே துரை என்றால் என்ன மரியாதையோ, அந்தக் காலத்தில் அங்கே போடியாருக்கும் அந்த மரியாதை.

அந்த ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்கள் நிறைய. ஆரையம்பதி, மகிழடித்தீவு, செட்டிபாளையம், தெற்கே போனால் காரைதீவு, தம்பிலுவில் என்று வாவிக் கரையோரமும் கடற்கரையோரமும் வரிசையாகச் சொல்லலாம். நம்ம மாரியம்மன் கோயில் மாதிரி எல்லா நாளும் திறந்திருக்காது. வருசத்துக்கு ஒரு முறை வைகாசி மாதத்தில் கதவு திறப்பார்கள். கல்யாணக்கால் நடுவார்கள். சில நாள் சடங்கு நடந்து, கடைசியில் பொங்கலும் குளிர்த்தியும் முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். பூசை செய்கிறவரைக் கப்புகனார் என்றும் கட்டாடியார் என்றும் மரியாதையாகச் சொல்லுகிறார்கள். அவர்கள் ஐயர்மார் இல்லை. அந்த ஊர்க் குடிமக்களிலேயே ஒருவர்தான்.

அந்த நாட்களில் கோயிலில் படிக்கிற ஏட்டுக்குப் பெயர் கண்ணகி வழக்குரை. பெயரைக் கவனியுங்கள். புராணம் என்றோ மகிமை என்றோ பெயர் வைக்கவில்லை. வழக்குரை! ஒரு பெண் ராஜாவின் வாசலுக்குப் போய் வழக்குப் பேசினதைத்தான் சாமிப் பாட்டாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஊர் ஊராக ஏட்டில் கிடந்த இதை 1968ஆம் ஆண்டில் பண்டிதர் வி.சீ. கந்தையா அவர்கள் புத்தகமாக்கினார்கள். மட்டக்களப்பைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் அவர் எழுதின ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலையும் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கதைக்கு வருவோம்.

வழக்குரையில் கண்ணகி மனிசர் வயிற்றில் பிறக்கிறதில்லை, மாங்கனியில் பிறக்கிறாள். அவளுக்குச் சிலம்பு செய்ய நாகமணி வேண்டும் என்று மீகாமன் கப்பல் ஓட்டிக்கொண்டு போய் வெடியரசனோடு சண்டை போடுகிறான். சிங்களச் சனங்கள் கும்பிடுகிற பத்தினி தெய்யோவும் இவள்தான். அவர்கள் கதையில் பாண்டிய ராஜாவுக்கு மூன்று கண். மாங்கனியை அம்பால் அடிக்கும்போது அதன் சாறு தெறித்து மூன்றாவது கண் போய்விடுகிறது. கண்டிப் பெரஹராவில் போகிற நான்கு தேவாலயங்களில் ஒன்று பத்தினியுடையது என்பது கண்டிப் பக்கத்துத் தோட்டத்தாருக்குத் தெரியும். மாங்கனி, நாகமணி, மூன்று கண் எல்லாம் மந்திரக் கதைதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கதை மதுரைக்குள் நுழைந்த பிறகு மந்திரம் குறைந்துபோகிறது. நடக்கிறது எல்லாம் நமக்குத் தெரிந்த ஆபீஸ் காரியம் மாதிரியே இருக்கும். இந்தப் பகுதியை இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் உள்ளபடி விரித்துச் சொல்லுகிறோம்.

கோவலனும் கண்ணகியும் கையில் காசில்லாமல் மதுரைக்கு வருகிறார்கள். மாதரி என்ற இடைச்சி வீட்டில் தங்குகிறார்கள். ஒற்றைச் சிலம்பை விற்றுத் தொழில் தொடங்கலாம் என்று கோவலன் கடைத்தெருவுக்குப் போகிறான். அங்கே அரண்மனைப் பொற்கொல்லன் எதிரில் வருகிறான். அரசியின் சிலம்பை முன்னமே திருடினவன் அவன்தான். அவன் மனசில் ஓடின கணக்கு லேசானது. என்றைக்காவது தன் திருட்டு வெளியில் வரும், அதற்கு முந்தி இன்னொரு ஆளைக் காட்டிவிட வேண்டும். வெளியூர்க்காரன், ஆதரவு இல்லாதவன், கையில் ஒரு சிலம்பு. இதை விட வசதியான ஆள் கிடைப்பானா?

ராஜா அந்த நேரம் அரசியின் கோபத்தைத் தணிக்க அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பொற்கொல்லன் வழியில் விழுந்து கும்பிட்டு, சிலம்பு திருடின கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். ராஜா நின்று கேட்கவில்லை. அவனைக் கூட்டி வா என்று சொல்லவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டு வாருங்கள் என்று காவலாளிகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். ஒரு மனிசன் உயிருக்கு ராஜா செலவழித்த நேரம் அவ்வளவுதான்.

அடுத்து வருகிற இடத்தைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். காவலாளிகள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடனே ஒருவனுக்குச் சந்தேகம். இந்த மனிசன் முகத்தைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்கிறான். பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர்களுக்கு மந்திரம் உண்டு, மருந்து உண்டு, தந்திரம் உண்டு, நீ பார்க்கிற முகமா அது என்று பெரிய விளக்கம் கொடுக்கிறான். இன்னொருவன் தனக்கு ஒரு முறை கள்வனிடம் நேர்ந்ததைச் சொல்லுகிறான். இப்படிப் பேசிக்கொண்டு நிற்கும்போதே, குடிவெறியில் இருந்த ஒருத்தன் வாளை வீசிவிடுகிறான். முடிந்தது.

யார் கொன்றது? குடிகாரன் வெட்டினான். பொற்கொல்லன் பொய் சொன்னான். ராஜா உத்தரவு போட்டார். சந்தேகப்பட்டவனோ வாயை மூடிக்கொண்டு நின்றான். நாலு பேர் சேர்ந்து செய்த காரியம். கடைசி ஆளைப் பற்றி எழுத எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இருபது வருசத்துக்கு முந்தி நாங்கள் ஒரு தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளார்க். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஸ்டோரில் வேலை செய்த ஓர் அம்மாவின் பையில் தூள் இருந்தது என்று ஒரு கதை வந்தது. சொன்னவர் யார், எத்தனை கிறாம், யார் நிறுத்துப் பார்த்தது, ஒன்றும் கிடையாது. பெரியவர் ஜீப்பில் ஏறுகிற நேரத்தில் விஷயத்தைக் காதில் போட்டார்கள். ‘பேரை நிப்பாட்டி லெட்டரைக் குடு’ என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. அந்த அம்மா தூள் எடுக்கிறவர் இல்லை என்று ஆபீசில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஒருவர் வாய்விட்டும் சொன்னார். லெட்டரை டைப் அடித்தது நாங்கள். பதினோரு நாள் கழித்து, பெட்டி நிறுவையை ஏட்டில் பிழையாக எழுதினது தெரிந்தது. தூள் குறையவே இல்லை. அதற்குள் அந்த அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்ப வரச் சொல்லி யாரும் ஆள் அனுப்பவில்லை. பிழையாக எழுதினவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல வருசம் கழித்து ஒரு வைகாசியில் படுவான்கரையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனோம். இரவு கோயிலில் வழக்குரை படித்தார்கள். பெண்கள் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சிலம்பை உடைக்கிற இடம் வரும்போது ஒரு சத்தமும் இல்லை. கைப்பிள்ளைகள் கூட அழவில்லை. பொங்கல் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு குரல், ‘ஐயா, அந்த லெட்டரை நீங்கதானே அடிச்சீங்க?’ என்று கேட்டது. ஆமாம் என்றோம். அவருக்கு இப்போது நரைத்துவிட்டது. ‘திருடின்னு சொன்னது கூடப் பெரிசில்லீங்க. என்னயக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே’ என்றார். எங்கள் கையிலிருந்த இலையில் இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தார். சாப்பிட்டோமா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை.

கண்ணகி அரண்மனை வாசலுக்குப் போனதை இனிப் பார்ப்போம். அவள் ஆத்திரத்தில் போனாள், தலைவிரி கோலமாகப் போனாள் என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம். உண்மைதான். ஆனால் பேசினது எல்லாம் ஒழுங்காகப் பேசினாள். வாயிற்காவலனிடம் தான் வந்ததைச் சொல்லி அனுப்பினாள். ராஜா யாரென்று கேட்டதும் தன் ஊர், தன் மாமனார் பெயர், புருசன் பெயர், தன் பெயர் எல்லாம் முறையாகச் சொன்னாள். முன்னாலிருந்த நல்ல ராஜாக்கள் என்ன செய்தார்கள் என்று எடுத்துக்காட்டினாள். புறாவுக்காகத் தன் சதையை அறுத்த சிபியையும், கன்றுக்குட்டிக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் சொன்னாள். கள்வனைக் கொல்லுவது பிழை இல்லையே என்று ராஜா வாதம் பண்ணினபோது அவள் அழுது விழவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம், உங்கள் அரசியின் சிலம்புக்குள் என்ன என்று கேட்டாள். முத்து என்று ராஜா வாயாலேயே வந்தது. உடைத்துக் காட்டினாள். சான்று அவள் கையில் இருந்தது. நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவதை விட இது பெரிய காரியம் என்று நாங்கள் நினைக்கிறோம். கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டத்தோடு சான்றும் வேண்டும்.

ராஜா தன் பிழையை ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே விழுந்து செத்தார். அரசியும் செத்தாள். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது வாத்தியார் பாண்டியனைப் புகழ்ந்து பேசுவார். எங்கள் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. இந்தக் கதையை எழுதினவர் ஒரு சேர இளவரசர். ராஜகுடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ராஜாவின் பிழையை இவ்வளவு வெளிச்சமாக எழுதினதே பெரிசுதான். ஆனால் நியாயம் கிடைத்தது எதனால்? ராஜாவுக்கு மனச்சாட்சி இருந்தபடியால். இல்லாவிட்டால்? ‘இந்தப் பெண்ணையும் வெளியே தள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் மதுரையில் அவரை யார் என்ன செய்திருக்க முடியும்? சோழராஜா வாசலில் ஆராய்ச்சி மணி கட்டினார் என்கிறார்கள். மணி இருந்தது ராஜாவின் வாசலில், கயிறும் அங்கேதான். பசுமாடு தெருவில் நின்றது, எட்டி அடித்தது. எங்கோ காட்டுப்பக்கம் இருந்த குடியானவன் நூறு மைல் நடந்து வந்தா மணி அடிப்பான்?

கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை மேடையில் அநேகமாகப் பேசுகிறதில்லை. கண்ணகி மதுரையை எரித்தபோது அந்தணரையும் அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்களையும் முதியவரையும் பிள்ளைகளையும் விட்டுவிடச் சொன்னாள். சரி. அதற்குப் பிறகு பாண்டி நாட்டில் மழை இல்லாமல் பஞ்சமும் நோயும் வந்தன. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் என்ற அடுத்த ராஜா அதற்குப் பரிகாரம் செய்தான். என்ன பரிகாரம் தெரியுமா? பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குப் பலி கொடுத்தான். மழை பெய்தது என்று கதை முடித்துவிடுகிறது.

ஆயிரம் பேர்! திருடினது ஒருத்தன். விசாரிக்காமல் விட்டது ஒரு ராஜா. செத்தது நெருப்பூதிப் பிழைக்கிற ஆயிரம் தொழிலாளிகள். அவர்களிலும் ஒவ்வொருவனுக்கும் ஒரு கண்ணகி இருந்திருப்பாள்தானே. அவர்கள் எந்த வாசலில் போய் வழக்குரைத்தார்கள் என்று ஒரு ஏட்டிலும் இல்லை. இது நடந்த சரித்திரமா, கதையா என்று நாங்கள் சண்டை பிடிக்க வரவில்லை. கதையாகவே இருக்கட்டும். மேலே இருக்கிறவர் செய்த பிழைக்குக் கீழே இருக்கிறவனின் சாதியை, தொழிலை, மொத்தமாகக் கணக்குத் தீர்க்கிறதை நல்ல முடிவு என்று கதை நமக்குப் பழக்கிவிடுகிறது. ஒரு லயத்தில் ஒருத்தன் விறகு வெட்டினான் என்று லயம் முழுக்க வேலை நிறுத்துகிறபோது, ‘அது அப்படித்தான்’ என்று நம்ம வாயே சொல்லுகிறதே, அந்தப் பழக்கம்.

இடையர்கள் என்ன செய்தார்கள் என்று மட்டக்களப்புச் சடங்கில் பாருங்கள். எரிந்து வந்த அம்மனைக் குளிர வைத்தவர்கள் மாடு மேய்க்கிற சனம். அந்தக் குளிர்த்திதான் இன்றைக்கும் நடக்கிறது. மதுரையிலே சிங்காசனத்தில் இருந்தவர் எரிய வைத்ததை ஆற்றி வைத்தது மோர் விற்கிற வீடு. இதை எழுதும்போது எங்களுக்கு ஒரு சந்தோசம் உண்டு, மறைப்பானேன்.

நம்ம தோட்டத்துச் சாமிகளும் இதே மதுரையிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். மதுரை வீரனைக் கும்பிடாத தோட்டம் எது? திருமலை நாயக்கர் உத்தரவில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர் அவர். அங்கேயும் விசாரணை இல்லை, அங்கேயும் பின்னால் ராஜா வருத்தப்பட்டார். கண்டிப் பக்கத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். 1956இல் அந்த வேடம் போட்ட படத்தை நம்ம தாத்தாமார் எத்தனை தரம் பார்த்தார்களோ. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். வீரனை வளர்த்தது செருப்புத் தைக்கிற ஒரு தாய் தகப்பன். அப்படியானால் அவர் அவர்கள் பிள்ளையாகவே வீரனாக இருக்கக்கூடாதா? கதை விடாது. அவர் உண்மையில் காசி ராஜாவின் மகன், காட்டில் போட்ட பிள்ளை என்று சொல்லும். காத்தவராயனும் அப்படி, சாமியின் பிள்ளை. கர்ணனும் அப்படி, தேரோட்டி வீட்டில் வளர்ந்த ராஜகுமாரன். இங்கிலீஷ் மந்திரக் கதைகளிலும் கடைசியில் ஆடு மேய்த்த பையனின் தோளில் ஒரு மச்சம் இருக்கும், அவன்தான் காணாமல் போன இளவரசன்! தொழிலாளி வீட்டில் பிறந்தவனுக்கு வீரமும் புத்தியும் வராது என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். அதை நாமே உடுக்கு அடித்துப் பாடுகிறோம்.

மட்டக்களப்பில் இதற்கு மறுபக்கமும் உண்டு. அங்கே வடமோடி, தென்மோடி என்று இரண்டு விதக் கூத்து. வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் முழங்க முடி தரித்த ராஜா கொலுவுக்கு வருவார். அந்த முடிக்குள் இருக்கிற தலை யாருடையது? பகலெல்லாம் வயலில் சேற்றில் நின்ற ஆள். அண்ணாவியார் மாசக்கணக்காகப் பழக்கி அவரைத் தருமராகவோ இராவணனாகவோ ஆக்கியிருப்பார். விடிந்தால் போடியாரின் வயல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இந்தக் கூத்தைச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மேடைக்குக் கொண்டு வந்தார். அந்த மாணவர்களில் ஒருவர் மட்டக்களப்பு மௌனகுரு, பிற்காலத்தில் அவரும் பேராசிரியர். அவர் எழுதின ‘சங்காரம்’ என்ற கூத்தில் ராஜாவே இல்லை. சமுதாயம் என்று ஒரு பாத்திரம், சாதி, வர்க்கம் முதலான அரக்கர்களோடு சண்டை போடுகிறது. அதே ஆட்டம், அதே தாளக்கட்டு. ஆனால் முடி யார் தலையில் என்பதை மாற்றிவிட்டார். நம்ம காமன் கூத்திலும் இதற்கு ஒரு விதை இருக்கிறது. காமனை எரித்த சிவனிடத்திலேயே ரதி நியாயம் கேட்கிறாள் அல்லவா. மாசி மாதத்தில் அந்த ஒப்பாரியைக் கேட்கிறபோது இதை மனசில் வைத்துக் கேளுங்கள்.

இனி நடந்த காரியம் ஒன்று. 1936இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கெலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரை வேலை பழகினார். தொழிலாளியை நடத்துகிற விதம் பிடிக்காமல் தொழிலாளி பக்கம் பேசினார், வேலை போனது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறினார். அப்போது கவர்னர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ். விசாரணை ஒன்றும் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்தில், 1896இல் போட்ட ஒரு ராஜ கட்டளையை எடுத்து, இந்த ஆளை நாடு கடத்து என்று எழுதிவிட்டார். பாண்டியன் அந்தப்புரத்துக்குப் போகிற வழியில் சொன்னதற்கும் இதற்கும் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் இந்த முறை போய்க் கேட்க இன்னொரு வாசல் இருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் உட்பட நீதிபதிகள், கவர்னருக்கு இப்படிச் செய்ய அதிகாரம் இல்லை என்று மே மாதத்தில் அவரை விடுதலை செய்தார்கள். மன்னர் பெயரால் ஆளுகிறவரையும் கேட்கலாம் என்று அன்றைக்கு இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

அவர் வெள்ளைக்காரர் என்பதையும் மறக்கக்கூடாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கியால் செத்தார். அவருக்கு விசாரணைக் கமிஷன் வந்தது, உயிர் போன பிறகு. 1948இல் ஒரு சட்டத்தால் லட்சக்கணக்கான நம்ம சனத்தின் குடியுரிமை போனது. ஒருவரைக்கூடக் கூப்பிட்டு நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டு எடுத்த முடிவல்ல அது. மிச்சமிருந்தவர்களுக்கும் உரிமை கிடைக்கும்படி சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

இனி வேலைக்கு உதவுகிற சில விஷயம். தொழிலாளியை வேலையிலிருந்து நிப்பாட்டினால் போய்க் கேட்கிற இடம் தொழில் நியாய சபை. 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்தது. இப்போதுள்ள சட்டப்படி வேலை நிப்பாட்டின நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். தலைவர் பார்த்துக் கொள்வார் என்று விட்டுவிட்டு ஏழாவது மாதம் வந்து அழுகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். தேதி முக்கியம். ஆபீசில் கடிதம் கொடுத்தால் வாங்கின நாளைப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கிற தாளில் கையெழுத்தோ பெருவிரலோ வைக்க வேண்டாம். படித்துக் காட்டச் சொல்லுங்கள், பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குற்றம் என்ன, எந்த நாள், பார்த்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டு, பேர் பதிந்த துண்டு, பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு மேலே சொருகி வையுங்கள். கண்ணகியிடம் ஒற்றைச் சிலம்பாவது கையில் இருந்தது.

ஆபீசில் வேலை செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. ஜீப்பில் ஏறுகிற நேரத்தில் வருகிற உத்தரவை அடுத்த நாள் காலையில் இன்னொரு தரம் கேட்டுவிட்டு டைப் அடியுங்கள். ‘சேர், விசாரணைத் தேதி என்ன போடுறது?’ என்று கேட்டால் போதும். இதைக் கேட்டதற்காக வேலை போன ஆளை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அதுதான் விஷயம்.

மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளோடு பேசுகிறபோது காவலாளி இடத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். சந்தேகப்பட்ட காவலாளி அந்த நேரம் என்ன செய்திருக்கலாம், அவனுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று கேளுங்கள். பிறகு பொற்கொல்லர் ஆயிரம் பேரில் ஒருவரின் மகளாக ஒரு பிள்ளையை நிற்க வைத்து, அவள் வெற்றிவேற் செழியனின் வாசலில் என்ன பேசுவாள் என்று பேசச் சொல்லுங்கள். வழக்குரையில் இல்லாத அந்தக் காதையை யாராவது பிள்ளை எழுதினால் நமக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.